முகத்துக்குத் தாவர எண்ணெய்: உங்களுக்கு எது ஒத்துப்போனது?

எனக்கு வறண்ட தோல். முகம் கழுவியதும் கன்னம் இரண்டும் இழுத்துப் பிடிக்கும், மூக்கோரம் வெள்ளையாக உரியும். பல வருடங்களாகத் தாவர எண்ணெய்தான் தடவி வருகிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

எண்ணெயில் தண்ணீர் கிடையாது, அதனால் அது தோலுக்கு ஈரம் கொடுக்காது. தோலில் இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். காய்ந்த முகத்தில் எவ்வளவு தேய்த்தாலும் மேலே மினுமினுக்குமே தவிர, அந்த இழுப்பு போகாது. முகம் கழுவி, துண்டால் லேசாக ஒற்றி, ஈரம் மிச்சமிருக்கும்போதே இரண்டு மூன்று சொட்டு தடவுங்கள். அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, எந்த எண்ணெய் என்பது. பாட்டிலில் ‘இயற்கை’ என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த எண்ணெயும் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களால் ஆனதுதான். அதில் எந்தக் கொழுப்பு அமிலம் அதிகம் என்று பார்க்க வேண்டும். ஆலிவ் எண்ணெயில் 55 முதல் 83 சதவீதம் வரை ஒலியிக் அமிலம். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம்தான் அதிகம். தோல் தன் மேலடுக்கைக் கட்டிக்கொள்ளத் தேவைப்படுவது இதுதான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்களுக்கு இரண்டையும் தடவிப் பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெய் நான்கு வாரத்தில் மேலடுக்கைப் பலவீனமாக்கி, தோலை லேசாகச் சிவக்கவும் வைத்தது. சூரியகாந்தி எண்ணெய் அந்த அடுக்கைக் கெடுக்கவில்லை, ஈரப்பதமும் கூடியது. என் முகத்திலும் இப்படித்தான்: ஆலிவ் தடவிய காலத்தில் மூக்கோரம் எரிந்தது, சூரியகாந்திக்கு வந்தபின் அடங்கிவிட்டது. வாங்கும்போது ‘ஹை ஒலியிக்’ என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயர் சூரியகாந்தியாக இருந்தாலும் அதில் லினோலியிக் குறைவு.

பதில்

நல்ல பதிவு, தோழி. எனக்கு நேர் எதிர்: எண்ணெய் வழியும் முகம், பருவும் உண்டு. தேங்காய் எண்ணெய் கை, காலுக்கு அவ்வளவு நன்றாக ஒத்துப்போகிறது. முகத்தில் தடவினால் தாடையெல்லாம் அடைத்துக்கொண்டு கட்டி கட்டியாக வரும். இப்போது ஜோஜோபா என்ற செடியின் விதை எண்ணெய்தான் தடவுகிறேன். பெயருக்குத்தான் அது எண்ணெய், உண்மையில் திரவ மெழுகு. நம் தோல் சுரக்கும் பசையிலும் அதே வகை மெழுகு இருக்கிறது. சீக்கிரம் கெட்டும் போகாது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு சமயம் நெற்றி முழுக்க ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பரு மாதிரி வந்து அரித்தது. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது பரு இல்லை, மலசீசியா என்ற பூஞ்சை என்றார். அது கொழுப்பைத் தின்று வளர்வது. அதனால் பெரும்பாலான எண்ணெய்கள் அதற்குத் தீனிதான். பரு மாதிரி வந்து அரித்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில்

டீ ட்ரீ என்ற மரத்தின் இலை எண்ணெயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் தங்கைக்குக் கடைக்காரர் ஒருவர், பருவின் மேல் அப்படியே வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாளே தோல் வெந்து கொப்பளித்தது. அந்த இடம் கறுத்து, மங்கவே பல மாதம் ஆனது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. விதையில் பிழியும் எண்ணெய் வேறு, இலையிலிருந்து ஆவியில் வடிக்கும் இந்த வாசனை எண்ணெய் வேறு. இதை நேரடியாகத் தோலில் வைக்கவே கூடாது. 1990இல் ஆஸ்திரேலியாவில் பருவுக்கு இதைச் சோதித்தபோதுகூட 5 சதவீத ஜெல்லாகத்தான் கொடுத்தார்கள். பலன் மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. திறந்து நாளான பாட்டில் இன்னும் ஆபத்து. காற்றுப் பட்டுப் பட்டு ஒவ்வாமை தரும் பொருளாக மாறிவிடும்.

பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய், குளிர்முறையில் (சூடாக்காமல்) பிழிந்த எலுமிச்சை எண்ணெய் இரண்டையும் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். வெயில் பட்ட இடம் சிவந்து புண்ணாகும்.

பதில்

ரோஸ்ஹிப் எண்ணெய் (காட்டு ரோஜாக் காயின் விதையில் எடுப்பது) எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். சின்ன, கறுப்புக் கண்ணாடி பாட்டிலாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். வாடை மாறினால் கொட்டிவிடுவேன். அக்கா, பிறந்த குழந்தைக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவலாமா?

பதில்

தம்பி, பெரியவர்களின் தோலை வைத்துக் குழந்தைக்குச் சொல்ல முடியாது. 2016இல் பிரிட்டனில் பச்சிளம் குழந்தைகளிடம் பார்த்தபோது, ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே ஈரப்பதத்தைக் கூட்டினாலும், தோலின் கொழுப்பு அடுக்கு ஒழுங்காக அமைவதைத் தாமதப்படுத்தின. குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

நமக்கும் புது எண்ணெய் வாங்கியதும் முகத்துக்கு வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் ஒரு சின்ன இடத்தில், தினம் இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை சில நாள் கழித்தும் வெளிப்படும், அதனால் ஒரு நாள் பார்த்தால் போதாது. அரிப்போ சிவப்போ வந்தால் கழுவிவிட்டு அதோடு நிறுத்திவிடுங்கள். வீக்கம் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.