புதுப்பிப்பு: வீட்டுக்குச் செயின் சா (மரம் அறுக்கும் மெஷின்), 16 அங்குலமா 22 அங்குலமா?

வேலூர் பக்கம் வரப்போரச் சீமைக்கருவேலத்துக்கும் கிளை கழிக்கவும் 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போதும் என்று முன்பு எழுதியதற்கு, '22 அங்குலமே அதே விலைக்கு வருதே' என்று கேட்டிருந்தீர்கள். வரும்தான். ஆனால் சின்ன எஞ்சினில் நீளப் பார் மாட்டினால் கருவேல வைரத்தில் திணறி நின்றுவிடும்.

அடுத்தது பெட்ரோல்-ஆயில் கலவை. கையேட்டில் 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில், 25:1 என்றால் 40 மி.லி. குறைத்து ஊற்றினால் பிஸ்டன் கீறிப் பிடித்துக்கொள்ளும். பம்பில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இல்லையேல் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

அறுக்கும்போது மரத்தூள் சீவலாக விழாமல் மாவாகக் கொட்டினால் செயின் மழுங்கிவிட்டது. தீட்ட, .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8 லோ புரொஃபைலுக்கு (உயரம் குறைந்த செயின்) 4 மி.மீ. தூரை அறுக்கும்போது மண்ணைத் தொட்டால் தீட்டியதெல்லாம் வீண்.

செயின் பிரேக் (ஓடும் செயினைச் சட்டென நிறுத்துவது) இல்லாத மெஷினைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாரின் மேல்முனை கிளையில் பட்டால் மெஷின் முகத்துக்கு நேரே எகிறும்.