‘கார்கில் வீரர்’ என்று மைக்கில் சொன்னது நான்தான்

முசிறிக்காரன்

எங்கள் தெரு மிலிட்டரி மாமாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1999 ஆகஸ்ட் 15. நான் ஒன்பதாம் வகுப்பு. கார்கில் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. திருச்சிப் பக்கம், அந்தப் போரில் உயிர்விட்ட மேஜர் சரவணன் பெயரைச் சொல்லாத வாய் இல்லை. எங்கள் பள்ளிக் கொடியேற்றத்துக்கும் ஒரு ராணுவ வீரரைக் கூப்பிடுவது என்று முடிவானது. ஊரில் இருந்தது மாமா ஒருவர்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. வரவேற்புரையை ஆசிரியர் எழுதித் தந்தார், வாசித்தது நான். ‘கார்கில் பனிமலையிலே தன் காலையே காணிக்கையாக்கிய...’ கைத்தட்டல் அடங்கவே இல்லை.

மாமாவுக்குக் கால் போனது 1987 அக்டோபரில், யாழ்ப்பாணத்தில், கண்ணிவெடியில். இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையில் போனவர். கார்கில் தொடங்கும்போது அவர் போர்டு அவுட் ஆகி, அதாவது உடல் தகுதி இல்லை என்று பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்டு, பத்து வருஷம் ஆகியிருந்தது. இது எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

நான் வாசிக்க வாசிக்க, மாமா வேட்டி நுனியால் கைத்தடியின் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பேசச் சொன்னார்கள். “வெலிங்டன்ல பயிற்சி. மதராஸ் ரெஜிமென்ட். பசங்க நல்லாப் படிங்க.” அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கார்கில் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டில் விடப் போனபோது, “ஏன் மாமா சும்மா இருந்தீங்க?” என்று கேட்டேன். “இருக்கட்டும்டா. யாழ்ப்பாணம்னு சொல்லியிருந்தா பாதிப் பேர் கையைக் கட்டிக்கிட்டிருப்பான்” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவராகவே சொன்னார்: “வெடிச்சுக் கிடக்கும்போது ஒரு அம்மா செம்புல தண்ணி கொண்டாந்துச்சு. ‘தம்பி எவடம்?’னு கேட்டுச்சு. எனக்கு விளங்கல. எந்த ஊருன்னு கேட்டிருக்குன்னு அப்புறம் ஆஸ்பத்திரியில ஒருத்தன் சொன்னான். அந்தம்மாவுக்குப் பதிலே சொல்லலடா நான்.”

அந்த உரைக்கு எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். வீட்டில் யாருக்கும் அதை எடுத்துப் போக மனசு வரவில்லை.

கேஷ் கவுண்டர்

முசிறிக்காரர் கோபிக்கக் கூடாது. உங்கள் மாமா அந்த இடத்திலேயே திருத்தியிருக்க வேண்டும். கார்கிலில் நிஜமாகவே கால் போனவன் கேட்டால் என்ன நினைப்பான்?

என் கதை சின்னது. வங்கியில் இருந்தேன். நவம்பர் மாதம், ஆயுள் சான்றுக்குப் பென்ஷன்காரர்கள் வரிசை வாசல் வரை. தலையைத் தூக்காமலே “ரேகை வைங்க” என்று கருவியைத் தள்ளினேன். கை வந்தது, ஆனால் ‘பீப்’ சத்தம் வரவில்லை. “நல்லா அழுத்துங்க” என்றேன். மறுபடியும் இல்லை. அப்போதுதான் பார்த்தேன். விரல்கள் எல்லாம் முதல் கணுவோடு நின்றிருந்தன. மனிதர் அந்த மொட்டைக் கட்டைவிரலைக் கண்ணாடி மேல் வைத்து, நான் சொன்னபடி அழுத்திக்கொண்டே நிற்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன பேசுவது என்று தெரியாமல், “எந்தச் சண்டைல சார்?” என்று கேட்டேன். “சண்டை இல்ல தம்பி. சியாச்சின். பனி” என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்ட குரலில். பேனாவும் படிவமும் கொடுத்து முடித்து அனுப்பினேன். இப்போது முகத்தைக் காட்டினாலே போதும், ஆப்பிலேயே முடிந்துவிடும். அன்றைக்கு அது இல்லை.

பழைய ரிக்கார்ட்ஸ்

திருத்தியிருக்க வேண்டுமாம்! 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வரே வரவேற்கப் போகவில்லை. அதற்கான காரணம் சரியா தவறா என்று இங்கே சண்டை போட நான் வரவில்லை. ஆனால் அதைப் பேப்பரில் படித்த ஒரு கால் இல்லாத சிப்பாய், ஒன்பது வருஷம் கழித்து மைக்கைப் பிடித்து வரலாறு திருத்துவானா?

எனக்கென்று கதை பெரிதாக இல்லை. ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் 22 வருஷம். காயம்பட்டவர்களைக் காகிதத்தில்தான் சந்தித்தேன். ஒரு லான்ஸ் நாயக் மட்டும் நேரில் வந்து, ‘என் ஃபைலில் இடது கால் என்று இருக்கிறது சாப், போனது வலது’ என்று இரண்டு காலையும் காட்டிவிட்டுப் போனார். சரி, அது கிடக்கட்டும்.

முசிறிக்காரர் கவனிக்க. உங்கள் மாமாவுக்கு வருவது சாதாரண ஊன ஓய்வூதியமா, போர்க்காய ஓய்வூதியமா என்று முதலில் பி.பி.ஓ.வை (ஓய்வூதிய ஆணை) எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றில்லை. முழு ஊனத்துக்கு முதலாவதில் ஊனப் பங்கு சம்பளத்தில் 30 சதவீதம்தான். போர்க்காயத்தால் வெளியேற்றப்பட்டவருக்கு அந்தப் பங்கு முழுச் சம்பளத்தின் அளவுக்குப் போகும். பல பழைய ஆட்களுக்கு ஊனச் சதவீதம் திருத்தப்படாமலே கிடக்கும். 1996-க்குப் பிந்தைய விதிப்படி ஊனம் 50-க்குக் கீழே இருந்தால் 50 என்று வைக்க வேண்டும், 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. முழங்காலுக்குக் கீழே கால் போனவருக்கு இதில் மாதா மாதம் நல்ல வித்தியாசம் வரும். டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு நகல், காயப் பதக்கம் இருந்தால் அதன் காகிதம், மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போங்கள். அங்கே நகரவில்லை என்றால் சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. டெல்லி வரை ஓட வேண்டாம். நகல் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். இதை நான் சொல்லாமல் விட்டு வருந்திய கேஸ்கள் உண்டு.

முசிறிக்காரன்

ஐயா, மாமா 2016-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பழைய ரிக்கார்ட்ஸ்

ஆழ்ந்த இரங்கல். அத்தை இருக்கிறார்களா? பி.பி.ஓ.வில் அவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் சிக்கும்.

நீலமலை

எல்லோரும் ஒப்பாரி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முரளிகாந்த் பேட்கர் என்று ஒருவர். ராணுவத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவு, 1965 போரில் குண்டடி. 1972-இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வாங்கினார், பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம். பத்மஸ்ரீ வந்தது 2018-இல். அவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டாதீர்கள்.

வாத்தியார் மகள்

நீலமலை சார், எல்லோரும் தங்கம் வாங்க முடியாதே. என் அப்பா வாங்கியது ஒரு கால். புனேயில், 1944-இலிருந்து இருக்கிற செயற்கைக் கால் மையத்தில் பொருத்தியது. (வாத்தியார் என்பது தாத்தா. அப்பா பட்டாளம்.)

ராத்திரி அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைப்பார். ஷூவோடுதான் நிற்கும். துண்டான இடத்தில் மாட்டுகிற கம்பளி உறையை அம்மா தினமும் துவைத்துக் கொடியில் போடுவாள். தெருப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது, தொப்பி என்று நினைத்தார்கள். இல்லாத பாதத்தில் அரிக்கிறது என்று அப்பா சொல்வார். நான் போய் வெறும் பாயைச் சொறிவேன். “இன்னும் கீழே, ஆங், அங்கதான்” என்பார். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். உண்மையிலேயே அரிக்கும் என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது.

எனக்கு ஆறு வயது. ஒரு நாள் விடியற்காலையில் அந்தக் காலை எடுத்து நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, மறந்துபோய்ப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அன்றைக்கு அப்பாவுக்குக் காவலாளி வேலை நேர்காணல். காலை ஏழு மணி பஸ். நான் சாயங்காலம் திரும்பி வரும்போது, தேய்த்த சட்டையும் பேண்ட்டும் போட்டபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேண்ட்டின் ஒரு கால் மடித்து ஊக்கு குத்தியிருந்தது. மடியில் டிஸ்சார்ஜ் புக். அம்மா வீடு முழுக்கப் புரட்டிப் போட்டிருந்தாள், மூட்டைகளைத் தவிர.

அடிக்கவில்லை. “ஜெயிச்சுட்டடி” என்றார்.

அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது. பிற்பாடு கல்யாண வீடுகளில் இதையே சிரிப்புக் கதையாகச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் பந்தி பார்க்க எழுந்து போய்விடுவேன்.

பழைய ரிக்கார்ட்ஸ்

அம்மா, அப்பா டிஸ்சார்ஜ் ஆன வருஷம் மட்டும் சொல்லுங்கள்.