ஏசி டிக் செய்யாதவருக்கு ரூம் இல்லை: ஜாங்கோ ஃபார்ம் செய்வது பக் தானே?

தொரப்பாடி தம்பி:
வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு ரூம் புக்கிங் வெப்பக்கம் செய்கிறேன், ஜாங்கோவில் (பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃபிரேம்வொர்க்). "ஏசி வேண்டும்" என்று ஒரு செக்பாக்ஸ். டிக் செய்யாமல் விட்டால் பிரவுசர் அந்தப் பெட்டியைக் காட்டி டிக் செய்யச் சொல்கிறது, பக்கம் நகர மாட்டேன் என்கிறது. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் ஏசியா கேட்பார்கள்? "ஏசி கேட்காதவனுக்கு ரூம் இல்லைன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்கிறார் மேனேஜர்.

அடையாள அட்டைப் படம் இன்னொரு தலைவலி. படத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் அனுப்புகிறேன், ஆனாலும் "திஸ் ஃபீல்ட் இஸ் ரிக்வயர்ட்" என்கிறது. பக் (மென்பொருள் கோளாறு) என்று ஜாங்கோ குழுவிடம் டிக்கெட் (புகார்) போடலாமா?

காட்பாடி ஜங்ஷன்:
பக் இல்லை, டிசைன். ஜாங்கோ ஃபார்மில் நாம் சொல்லாவிட்டால் எல்லா ஃபீல்டும் கட்டாயம்தான். செக்பாக்ஸாக வரும் பூலியன்ஃபீல்டில் (ஆம்/இல்லை ஃபீல்டு) ரிக்வயர்டை (கட்டாயமா என்பதை) ஃபால்ஸ் ஆக்குங்கள். படத்துக்கு ஃபார்ம் டேக்கில் மல்டிபார்ட் என்க்டைப் (ஃபைலையும் சேர்த்து அனுப்பச் சொல்லும் குறிப்பு) வேண்டும், வியூவில் (ரிக்வெஸ்டைக் கையாளும் கோட்) ரிக்வெஸ்டின் ஃபைல்ஸையும் ஃபார்முக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் டாக்குமென்டேஷனில் இருக்கிறது.

சத்துவாச்சாரி அண்ணன்:
டாக்குமென்டேஷனில் எழுதி வைத்ததெல்லாம் டிசைன் என்றால் உலகத்தில் பக்கே கிடையாது சார்.

டிக் இல்லாத பெட்டியைப் பற்றி பிரவுசர் ஒன்றுமே அனுப்பாது, அது எச்டிஎம்எல் வழக்கம். ஜாங்கோவுக்கும் இது தெரியும். வராததை "இல்லை" என்றே எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்ட பிறகும், கட்டாயம் என்றால் டிக் இருந்தே ஆக வேண்டும் என்று நிற்கிறது. இதே பெட்டியை மாடலில் (டேட்டாபேஸ் அமைப்பைச் சொல்லும் கோட்) பூலியன்ஃபீல்டாக வைத்து மாடல்ஃபார்ம் (மாடலைப் பார்த்துத் தானே உருவாகும் ஃபார்ம்) வழியாகக் கொண்டு வாருங்கள், டிக் இல்லாமலே தாண்டும். கையால் எழுதினால் ஒரு நியாயம், மாடலிலிருந்து வந்தால் ஒரு நியாயம். குழப்பமே இங்கேதான். ஆனாலும் இனி இதில் கை வைக்க முடியாது. வைத்தால், இதை நம்பி எழுதிய "விதிமுறைகளை ஏற்கிறேன்" பெட்டியெல்லாம் காலியாகவே உள்ளே போய்விடும்.

படம் வேறு கதை. அங்கே நடப்பது சரி, சொல்வதுதான் தப்பு. மனுவை நீட்டுகிறவரிடமே "மனு எங்கே?" என்று கவுன்டரில் கேட்கிற மாதிரி. என்க்டைப் இல்லாவிட்டால் பிரவுசர் படத்தை அனுப்பாது, ஃபைல் பெயரை மட்டும் அனுப்பும். ஃபிளாஸ்க் (இன்னொரு பைத்தான் ஃபிரேம்வொர்க்) டீபக் மோடில் (கோளாறு தேடும் நிலை) இதைக் கண்டுபிடித்து, "பெயர்தான் வந்திருக்கிறது, என்க்டைப் போடு" என்று விளக்கமாகவே சொல்லிவிடும். ஜாங்கோ ஃபார்முக்கு ரிக்வெஸ்ட் தெரியாது, நாம் கொடுக்கிற டேட்டாவும் ஃபைல்ஸும்தான் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் டேட்டாவிலேயே கிடக்கிறதே!

டிக்கெட் போடுவதானால் இந்தச் செய்தியை மாற்றச் சொல்லிப் போடு தம்பி. செக்பாக்ஸுக்குப் போட்டால் "வோன்ட்ஃபிக்ஸ்" (சரிசெய்ய மாட்டோம்) என்று மூடுவார்கள், நானாக இருந்தாலும் மூடுவேன்.

ஆம்பூர் லெதர் ஐடி:
லாராவெலும் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) சளைத்ததில்லை. ஷூ ஆர்டர் ஃபார்மில் "குறிப்பு" பெட்டியைக் காலியாக விட்டால் "ஸ்டிரிங்காக (எழுத்தாக) இருக்க வேண்டும்" என்று பிழை. 2017-ல் வந்த 5.4-லிருந்து காலி எழுத்தை நல்-ஆக (மதிப்பே இல்லாததாக) மாற்றிவிடுகிறது. நல்லபிள் (நல் வரலாம் என்ற) விதி சேர்த்தால்தான் விடும். காலியாக விட்ட கிளார்க்குக்கு ஸ்டிரிங் என்றால் என்ன தெரியும்?

சத்துவாச்சாரி அண்ணன்:
அதுவும் செய்திக் கோளாறுதான். அது கிடக்கட்டும், தம்பி, வருகைத் தேதியை எப்படி வாங்குகிறாய்?

தொரப்பாடி தம்பி:
டெக்ஸ்ட் பெட்டிதான் அண்ணா, ஜாங்கோ கொடுத்தபடியே. வருடத்தோடு 13/06 போட்டால் தப்பான தேதி என்கிறது, 05/06 போட்டால் எடுத்துக்கொள்கிறது.

சத்துவாச்சாரி அண்ணன்:
எடுத்துக்கொண்டதைத் திறந்து பார், மே 6 என்று இருக்கும். புது புராஜெக்டில் மொழி அமெரிக்க ஆங்கிலமாகத்தான் வரும், மாதத்தை முதலில் படிக்கும். 13-ஆம் மாதம் இல்லாததால் அங்கே பிழையாவது காட்டுகிறது. 12 வரைக்கும் வாயே திறக்காது. ஜூன் 5 ஓபி அப்பாயின்ட்மென்ட் வைத்திருப்பவர் ஹவுராவிலிருந்து ரயில் ஏறி காட்பாடியில் இறங்கும்போது உன் லாட்ஜில் அவருக்கு ரூம் இருக்காது. செட்டிங்ஸில் லாங்குவேஜ் கோட் என்பதை இங்கிலாந்து ஆங்கிலமாக்கு. காலண்டர் வேண்டுமென்று டைப் டேட் விட்ஜெட் (பிரவுசரின் தேதிப் பெட்டி) வைத்தால் அதற்கு ஃபார்மேட்டையும் வருடம்-மாதம்-நாள் என்று சேர்த்துக் கொடு. இல்லாவிட்டால் சேமித்த புக்கிங்கைத் திருத்தத் திறக்கும்போது தேதிப் பெட்டி காலியாக நிற்கும். அதற்கு ஒரு டிக்கெட் போடக் கிளம்பிவிடாதே.