பேனா மை கக்குகிறது, உடனே வழி சொல்லுங்கள்

நீலவிரல் | சனி, இரவு 9.40
நண்பர்களே, என் பேனா மை கக்குகிறது. நன்றாக எழுதிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிப் நுனியில் ஒரு சொட்டு திரண்டு பொத்தென்று தாளில் விழுந்துவிடும். நேற்று பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயர் மேலேயே விழுந்துவிட்டது. சாக்பீஸை உருட்டி ஒற்றி எடுத்தேன், கறை போகவில்லை. கழுவியும் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி பதிவேடு எழுத வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

மைக்கூடு | 9.52
என்ன பேனா? மை அடைத்த குழாயைச் செருகும் கார்ட்ரிட்ஜா, மையை உறிஞ்சி எடுக்கும் கன்வெர்ட்டரா, பில்லர் வைத்து உடம்புக்குள் நேராக ஊற்றுவதா? என்ன மை? நிப் எந்த அளவு? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

கடைசல் | 9.58
உடம்பு எபோனைட்டா (கெட்டி ரப்பர்), பிளாஸ்டிக்கா? நிப்புக்கு அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் நாக்கைப் பாருங்கள். சீப்பு மாதிரிப் பற்கள் இருக்கின்றனவா?

வெள்ளைத்தாள் | 10.05
மையில்தான் கோளாறு. தண்ணீராக ஓடுகிற மை என்றால் எந்தப் பேனாவும் கக்கும். வேறு மை மாற்றிப் பாருங்கள், எனக்கு அதோடு சரியாகிவிட்டது.

தாத்தாபேனா | 10.20
மை காரணமே இல்லை. நிப் பகுதியும் உடம்பும் திருகிச் சேரும் மரை வழியாகக் காற்று உள்ளே போகிறது. காற்று புகுந்தால் மை கீழே இறங்கத்தானே செய்யும்? எங்கள் காலத்தில் மரையில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி மூடுவோம். இப்போது குழாய் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் டெஃப்லான் டேப் கிடைக்கிறது. அதில் ஒரு சுற்றுப் போதும்.

கடைசல் | 10.31
ஐயா, டேப் வேண்டாம். இரண்டு சுற்று அதிகமாகிவிட்டால் திருகும்போது உடம்பு விரிந்து விளிம்பில் கீறல் விழுகிறது. ஒரு நல்ல பேனாவை அப்படி இழந்திருக்கிறேன். சிலிகான் கிரீஸ் கடுகளவு தடவினால் போதும்.

கூர்நுனி | 10.44
இதே கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. பழைய உரையாடல்களைத் தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் பால்பாயிண்டில் எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. நிப்பும் நாக்கும் ஒட்டி உட்காராததுதான் இதற்குக் காரணம். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் முன்பகுதியை அரை நிமிடம் முக்கி, நாக்கை நிப்போடு அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள். பத்து வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன்.

கடைசல் | 10.50
முன்பகுதியோடு சேர்த்தா? பழைய கறுப்பு எபோனைட் வெந்நீரில் பட்டால் பழுப்பேறிவிடும். அப்புறம் தேய்த்து மெருகேற்றினால்தான் கறுப்பு திரும்பும். நிப்பையும் நாக்கையும் கழற்றி அவற்றை மட்டும் முக்க வேண்டும். அதுவும் கடைசி வழியாக.

கூர்நுனி | 10.57
எபோனைட் என்று அவர் சொல்லவே இல்லையே. ஊகத்தில் பதில் எழுதுவது யார்?

நீலவிரல் | ஞாயிறு, காலை 7.15
விவரம் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். அப்பாவின் பேனா. கறுப்பு. துணியால் அழுத்தித் தேய்த்தால் ரப்பர் வாசனை வருகிறது. பில்லர் வைத்து ஊற்றுவது. நாக்கில் பற்கள் இல்லை, நடுவில் ஒரு கோடு மட்டும். மை ராயல் ப்ளூ. வெந்நீர் இன்னும் வைக்கவில்லை.

ஒருசொட்டு | 7.40
தேய்த்தால் ரப்பர் வாசனை என்றால் எபோனைட்தான். ஒன்று சொல்லுங்கள்: மை ஊற்றிய அன்றே கக்குகிறதா, சில நாள் கழித்தா?

நீலவிரல் | 8.02
ஊற்றிய அன்று ஒன்றும் இல்லை. மூன்று நான்கு நாள் கழித்துத்தான். அப்போது கால்வாசி மை இருக்கும். இது முக்கியமா?

ஒருசொட்டு | 8.35
இதுதான் முக்கியம். பேனாவில் பழுது இல்லை, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது.

மை இறங்க இறங்க அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. பேனா 3 மில்லி கொள்ளும் என்று வையுங்கள். 1 மில்லி மை மிஞ்சியிருக்கும்போது 2 மில்லி காற்று இருக்கும். 25 டிகிரியில் இருந்த அந்தக் காற்று உங்கள் கைச்சூட்டில் 35 டிகிரிக்கு வந்தால் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே விரியும். அதாவது 0.07 மில்லி. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. விரிந்த காற்று தன் அளவுக்கு மையை வெளியே தள்ளுகிறது, அந்தச் சொட்டுதான் பதிவேட்டில் விழுகிறது. பேனா நிறைய மை இருந்தால் விரிவதற்குக் காற்றே கிடையாது.

நாக்கில் பற்கள் இருந்தால் இந்த உபரி மையை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் நாக்கில் இல்லை. கன்வெர்ட்டரில் காற்றின் அளவே குறைவு, அதனால் அங்கே இந்தத் தொல்லை அரிது. எபோனைட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், உலோக உடம்பு என்றால் இன்னும் சீக்கிரம் கக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே செய்து பாருங்கள். கால்வாசி மையோடு பேனாவை ஒரு டம்ளருக்கு மேல் நிப் கீழே பார்க்கப் பிடித்து, உடம்பை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொள்ளுங்கள். எழுதவே வேண்டாம். கொஞ்ச நேரத்தில் நிப்பின் அடிப்பக்கம் ஈரமாகும், பிறகு நுனி பருத்து, ஆடி, டம்ளரில் விழும்.

செய்ய வேண்டியது: பாதிக்குக் கீழே போக விடாமல் ஊற்றிக்கொள்ளுங்கள். பாதி மை இருக்கும்போது எடுத்து எழுதினால் முதலில் நிப் மேலே பார்க்க ஒரு நிமிடம் கையில் பொத்திப் பிடியுங்கள், விரிந்த காற்று மையைத் தள்ளாமல் நாக்கு வழியாகவே போய்விடும். சட்டைப் பையில் சாய்வாகச் செருகி வெயிலில் வண்டி ஓட்டாதீர்கள். மரைக்குக் கடைசல் சொன்ன கிரீஸ் போடுங்கள். தாத்தாபேனா ஐயா சொன்னதிலும் உண்மை உண்டு, மரை கசிந்தால் நிறைய மை இருந்தாலும் சொட்டும். உங்களுக்கு ஊற்றிய அன்று சொட்டவில்லை, ஆகவே மரை நன்றாகத்தான் இருக்கிறது.

கூர்நுனி | 8.50
நாக்கு சரியாக உட்கார்ந்தால் இவ்வளவு கணக்கு தேவைப்படாது.

ஒருசொட்டு | 8.58
நாக்கு தளர்ந்த பேனா முதல் நாளே கக்கும் ஐயா. இது முதல் நாள் கக்கவில்லை.

பத்திரம் | 9.30
கக்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். சேர்க்கைப் பதிவேட்டை ராயல் ப்ளூவிலா எழுதுகிறீர்கள்? அது தண்ணீர் பட்டால் கழுவிப்போகும் சாயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. என் கல்லூரிக் குறிப்பேடு ராயல் ப்ளூ. காயவைத்துப் பிரித்தபோது தாள் முழுக்க வெளிர்நீலப் படலம்தான், ஓர் எழுத்து இல்லை. அதே தட்டில் அப்பா ப்ளூ-பிளாக்கில் எழுதிய வரவு செலவு நோட்டு, ஓரம் செல்லரித்திருந்தது, ஆனால் ஒவ்வொரு ரூபாயும் படிக்க முடிந்தது.

வெள்ளைத்தாள் | 9.41
ப்ளூ-பிளாக் நிப்பை அரித்துவிடும். அப்பாவின் பேனாவில் அதை ஊற்றச் சொல்லாதீர்கள்.

பத்திரம் | 9.55
அரிப்பது உள்ளே உள்ள அமிலம். கடுக்காய் மை போன்ற ஜாதிதான் அது: துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் சேர்ந்தது. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டுக் கறுத்துத் தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை கழுவினால் எஃகு நிப்பும் தாங்கும். தங்க நிப் என்றால் கவலையே இல்லை.

மைக்கூடு | 10.10
புட்டியில் ப்ளூ-பிளாக் என்று போட்டிருப்பதெல்லாம் இரும்பு மை அல்ல. இப்போது பலவும் வெறும் சாயம்தான். ஒரு கோடு இழுத்து, ஒரு நாள் காயவிட்டு, தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெள்ளைத்தாள் | 10.18
கழுவ மறந்தால்? நாக்கின் கோட்டில் கறுப்பாகப் படிந்தது எனக்கு வெறும் தண்ணீரில் போகவே இல்லை.

பத்திரம் | 10.26
வைட்டமின் சி மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் கரைத்து அதில் நாக்கை ஊறவையுங்கள். இரும்புப் படிவு கரைந்து வரும். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். இதற்காகப் பதிவேட்டை அழிகிற மையில் எழுதலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருடம் கழித்து ஒரு பிள்ளை பிறந்த தேதிக்காக அந்தப் பக்கத்தைத் தேடி வரும்.

தாத்தாபேனா | 10.40
பத்திரம் சொல்வது சரி. எங்கள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டுக்கு ஒரு பேனா, திருத்தும் நோட்டுக்கு ஒரு பேனா என்று தனித்தனியாக வைத்திருந்தார்.

ஒருசொட்டு | 11.05
நீலவிரல், டம்ளர் சோதனை செய்து பார்த்தீர்களா?

ஒருசொட்டு | திங்கள், இரவு 8.20
நீலவிரல்?

நீலவிரல் | வியாழன், இரவு 9.12
தாமதத்துக்கு மன்னிக்கவும், பள்ளியில் வேலை. டம்ளரில் நீங்கள் சொன்னபடியே விழுந்தது, அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றுகிறேன். நான்கு நாளாகக் கக்கவில்லை. நாக்கைத் தொடவில்லை, வெந்நீரும் வைக்கவில்லை. பதிவேட்டுக்கு வேறு மை வாங்குகிறேன், அப்பா பேனாவில் ராயல் ப்ளூதான் இருக்கும். கறை பட்ட பெயரை அதன் பக்கத்திலேயே தலைமையாசிரியர் திருத்தி எழுதிக் கையொப்பமிட்டுவிட்டார். எல்லாருக்கும் நன்றி.

மைக்கூடு | 9.30
நிப் அளவு மட்டும் கடைசிவரை சொல்லவில்லையே?