பிராசஸ் வேலிடேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.
மருத்துவக் கருவி ஆலை ஒன்றின் தொழிலாளர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வெரிஃபிகேஷனுக்குச் ‘சரிபார்ப்பு’ போதும்; ‘பிராசஸ் வேலிடேஷன்’தான் இடிக்கிறது. செய்து முடித்த பொருளைச் சோதித்து அறிய முடியாத செயல்முறைகளுக்கு இது கட்டாயம் என்கிறது மருத்துவக் கருவிகளுக்கான தரநெறி ஐஎஸ்ஓ 13485 (பிரிவு 7.5.6). ஊசிக்குழல் உறையின் ஒட்டு உறுதியைப் பார்க்க உறையைக் கிழிக்கவேண்டும், கிழித்ததை விற்கமுடியாது. அதனால் எந்த வெப்பம், அழுத்தம், நேரத்துக்குள் ஒட்டு நிற்கும் என்பதை முன்பே நிறுவிவிடுகிறார்கள். ‘செயல்முறை நிறுவல்’ எனலாமா?
– க.

நிறுவல் வேண்டாம். இயந்திரத்தைப் பொருத்துவதும் நிறுவல்தான். ‘இன்ஸ்டலேஷன் குவாலிஃபிகேஷன்’ (இயந்திரம் சரியாகப் பொருத்தப்பட்டதா என்ற சோதனை) வரும்போது குழம்பும். ‘செல்லுபடியாக்கம்’ நாணயத்துக்கும் பயணச்சீட்டுக்கும் உரியது. ‘செயல்முறைத் தேற்றம்’ என்பேன்; தேற்றம் என்றால் தெளிந்த உறுதி. தொல்காப்பியர் ஏகாரத்தின் பொருள்களில் தேற்றத்தைத்தான் முதலில் வைத்தார். குறளில் ‘தெரிந்து தெளிதல்’ தனி அதிகாரம்: ஆராய்ந்து பார்த்து, பிறகு நம்பிப் பொறுப்பை விடுவது. தேர், தெரி, தெளி, தேறு எல்லாம் ஒரே குடும்பம் என்றே கொள்கிறேன்.
– ப.

ஐயா, தேற்றம் பள்ளிக் கணக்குப் புத்தகத்துக்குப் போய்ப் பல காலம் ஆயிற்று. நான் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவில் இருக்கிறேன். பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் என்ற பாக்டீரியாவின் பத்து லட்சம் வித்துகள் உள்ள சோதனைத் துண்டுகளை வாயு எளிதில் எட்டாத இடங்களில் வைத்து, வழக்கமான வாயு நேரத்தில் பாதிதான் கொடுப்போம். அதிலேயே எல்லாம் மடியவேண்டும். அப்படியானால் முழு நேரத்துக்குப் பின் ஒரு பொருளில் உயிரி பிழைத்திருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டாது என்று கொள்கிறோம். இதைச் ‘சரிபார்ப்பு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அளவுகளில் கைவைப்பார்கள். எங்கள் தளத்தில் எல்லோரும் சொல்வது வேலிடேஷன், அதையே எழுதுங்கள்.
– செ.

ஒலிபெயர்ப்பை ஏற்கமாட்டேன். ‘மெய்ப்பிப்பு’ எளிது, ரீவேலிடேஷனுக்கு ‘மறுமெய்ப்பிப்பு’ என்றும் நீட்டலாம்.
– மா.

மா. சொன்ன மெய்ப்பிப்பையே எடுத்துக்கொள்கிறேன். ‘செயல்முறை மெய்ப்பிப்பு’ என்று எழுதி, முதல் இடத்தில் வேலிடேஷனையும் சேர்க்கிறேன்.
– க.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். மெய்ப்பிப்பு நடந்து முடிந்ததற்குச் சான்று தரும். இங்கே வேண்டியது இனி வரும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியின் மீதும் வைக்கும் நம்பிக்கை. தேறு என்பதில்தான் அது இருக்கிறது.
– ப.