டாய் ஸ்டோரி 2 அழிந்துபோன கதை உண்மைதானா? மூன்றாவது படம் ஏன் அவ்வளவு தாமதம்?

கோவை_கௌதமன்:

லீவுக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பொம்மைகள் உயிரோடு நடமாடும் டாய் ஸ்டோரி அனிமேஷன் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு முடிந்துவிட்டது. இரண்டாவது படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரில் யாரோ தவறுதலாக அழித்துவிட்டார்கள், ஒரு பெண் வீட்டில் வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கிறதே, நிஜமா?

இன்னொன்று. 1995, 1999 என்று வந்த படத்துக்கு மூன்றாம் பாகம் வர 2010 ஆனது ஏன்? முதல் இரண்டும் ஓடாத படங்களும் இல்லை. "பொம்மைகளின் சொந்தக்காரப் பையன் ஆண்டி வளர்ந்து பெரியவனாகட்டும் என்று காத்திருந்தார்கள்" என்கிறாள் என் பெரியவள். அவ்வளவுதானா?

ராத்திரி_ஷிஃப்ட்:

அழிந்தது நிஜம். மீட்டதும் நிஜம். ஆனால் அப்படி மீட்ட படம் நீங்கள் பார்த்த படம் இல்லை. வீடியோக்காரர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

சென்னையில் ஒரு அனிமேஷன் நிறுவனத்தில் பல வருஷம் ரெண்டர் ஃபார்ம், அதாவது படத்தை ஒவ்வொரு பிரேமாக வரைந்து தள்ளும் கம்ப்யூட்டர் கூட்டம், பார்த்தவன் நான். பிரேம்கள் ஒழுங்காக வந்து விழுகிறதா, எந்த மெஷின் படுத்துவிட்டது என்று விடிய விடிய பார்க்கிற வேலை. ஆகவே இந்தக் கதையைக் கேட்டால் சுருக்கமாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998. இந்தப் படங்களை எடுத்த நிறுவனமான பிக்ஸார் அப்போது கலிஃபோர்னியாவில் பாயிண்ட் ரிச்மண்ட் என்ற ஊரில் இருந்தது. படத்தின் கோப்புகள் இருந்த சர்வரில் யாரோ ஒரு யூனிக்ஸ் கட்டளையைத் தப்பான இடத்தில் ஓட்டிவிட்டார்கள். இங்கே இருப்பதையெல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் அழி என்று சொல்கிற கட்டளை அது. கதாநாயகனான கௌபாய் பொம்மை வுடியின் தொப்பி மறைந்தது, அப்புறம் பூட்ஸ், அப்புறம் வுடியே போய்விட்டான். பிக்ஸாரின் தலைவராக இருந்த எட் கேட்மல் தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். மெஷினின் மின் இணைப்பைப் பிடுங்கு என்று கத்தி, பிடுங்கி முடிப்பதற்குள் படத்தில் 90 சதவீதம் போய்விட்டது.

சரி, பேக்கப் (பத்திரமாக எடுத்துவைத்த மறுபிரதி) இருக்கிறதே என்று எடுத்தால் அதுவும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வயிறு கலங்குகிற இடம் இது. பேக்கப் ஓடுகிறது என்று திரையில் பச்சையாகக் காட்டும், நாமும் நிம்மதியாக டீ குடிக்கப் போவோம். அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

அந்தப் பெண் கேலின் சூஸ்மன். படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வசதி செய்திருந்தார், அதற்காகப் படத்தின் பிரதி அவ்வப்போது அவர் வீட்டு மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் திடீரென்று இது நினைவுக்கு வர, காரில் வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அலுவலக வாசலில் அதைப் பலகையில் வைத்து, சாமிப் பல்லக்கு மாதிரி நாலைந்து பேருக்கு மேல் சேர்ந்து உள்ளே தூக்கிப் போயிருக்கிறார்கள். கட்டளை கொடுத்த ஆள் யார் என்று தேடுவதில் நேரத்தைப் போக்கவில்லை என்றும் கேட்மல் எழுதுகிறார். அந்த ஆள் நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்று நான் நம்பவில்லை.

இவ்வளவு பாடுபட்டு மீட்ட படத்தை அந்த வருஷக் கடைசியில் அவர்களே தூக்கிப் போட்டார்கள். காரணம், படம் சுமார். டாய் ஸ்டோரி 2 முதலில் தியேட்டருக்கு என்று தொடங்கியதே இல்லை. அலாதீனுக்கு வீடியோவில் மட்டும் வந்த இரண்டாம் பாகம் நன்றாக விற்றதும், பிக்ஸார் படங்களை வெளியிட்ட டிஸ்னிக்கு அந்த வழி பிடித்துப்போனது. இதையும் ஒரு மணி நேர வீடியோ படமாகத்தான் ஆரம்பித்தார்கள். நடுவில் தியேட்டருக்கு மாற்றினார்கள். பிக்ஸாரின் மூத்த ஆட்கள் எல்லாம் ‘எ பக்ஸ் லைஃப்’ படத்தில் மாட்டியிருந்தார்கள். அதை முடித்துவிட்டு, முதல் படத்தை இயக்கிய ஜான் லாசெட்டர் வந்து இதைப் பார்த்தார், இப்படியே வெளியிட முடியாது என்று முடிவானது. வுடி கடைசியில் ஆண்டியிடம் திரும்பிப் போவான் என்று எல்லோருக்கும் தெரியும், அப்புறம் எதற்குப் பார்க்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

வெளியீட்டுத் தேதி 1999 நவம்பர். பொம்மைகள், விளம்பரம் எல்லாம் அதை வைத்தே ஏற்பாடாகிவிட்டதால் நகர்த்த முடியாது. ஒன்பது மாதத்தில் கதையைப் பிரித்துக் கட்டினார்கள். குரல் கெட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பென்குயின் வீஸி இருக்கிறானே, அவனைப் படத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கும் ஒருநாள் இந்தக் கதிதானே என்று வுடி பயப்பட ஆரம்பிப்பது அங்கேதான். கௌகேர்ள் பொம்மை ஜெஸ்ஸியை அவள் எஜமானி மரத்தடியில் விட்டுப்போகும் பாட்டும் அப்படி வந்ததுதான். அந்தப் பாட்டு இல்லாமல் இந்தப் படத்தை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

இதற்கான விலை, வேலை பார்த்தவர்களின் உடம்பில் விழுந்தது. ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மணிக்கட்டு, விரல் வலி. ஒரு அனிமேட்டர் குழந்தையைக் காப்பகத்தில் விட மறந்து, வெயிலில் நிறுத்திய காரிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். மயங்கிக் கிடந்த குழந்தை நல்லவேளை பிழைத்தது. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிய கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது படத்தின் தாமதத்துக்குக் காரணம் வக்கீல்கள்தான். அடுத்த பதிவில் எழுதுகிறேன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

கோவை_கௌதமன்:

சார், சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாருங்கள். வக்கீல்களா? பெரியவளுக்கு இப்போதே முகம் வாடிவிட்டது.

ராத்திரி_ஷிஃப்ட்:

பாப்பாவிடம் சொல்லுங்கள், அவள் சொன்னதிலும் பாதி உண்டு.

1997-இல் டிஸ்னியும் பிக்ஸாரும் ஐந்து படங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், லாபத்தில் ஆளுக்குப் பாதி. அதில் தொடர் பாகங்கள் கணக்கில் சேராது. டாய் ஸ்டோரி 2 அவ்வளவு பெரிய வெற்றி பெற்றும், ஐந்தில் ஒன்றாக டிஸ்னி அதை ஏற்கவில்லை. கணக்கில் சேராத படத்துக்கு பிக்ஸார் ஏன் திரும்ப உயிரைக் கொடுக்க வேண்டும்? பிக்ஸாரின் முதலாளி ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகாது. 2004 தொடக்கத்தில் பேச்சு முறிந்தது.

பாத்திரங்களின் உரிமையும் தொடர் பாகம் எடுக்கும் உரிமையும் டிஸ்னியிடம். எனவே பிக்ஸாரே இல்லாமல் மூன்றாம் பாகத்தை எடுக்க ‘சர்க்கிள் செவன்’ என்று தனியாக ஒரு ஸ்டூடியோவையே ஆரம்பித்துவிட்டார்கள். கதையும் எழுதினார்கள். விண்வெளி வீரன் பொம்மை பஸ் லைட்இயர் பழுதாகி, செய்த இடமான தைவானுக்கே திருப்பி அனுப்பப்படுகிறான், மற்றவர்கள் பின்னாலேயே கிளம்புகிறார்கள். மோசமான கதை என்று சொல்லமாட்டேன். ஆனால் பஸ்ஸை உருவாக்கியவர்கள் வெளியே நிற்க, வேறு யாரோ அவனைப் பேசவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

2005-இல் ஐஸ்னர் போய் பாப் ஐகர் வந்தார். 2006 ஜனவரியில் பிக்ஸாரையே 740 கோடி டாலருக்கு வாங்குவதாக டிஸ்னி அறிவித்தது. சர்க்கிள் செவன் மூடப்பட்டது, தைவான் கதை குப்பைக்குப் போனது. லீ அன்க்ரிச் இயக்கத்தில் புதுக்கதை: ஆண்டி கல்லூரிக்குக் கிளம்புகிறான். 1995-இல் சின்னப் பையனாக ஆண்டிக்குக் குரல் கொடுத்த ஜான் மாரிஸ்தான் கல்லூரி போகும் ஆண்டிக்கும் பேசினார். யாரும் திட்டம் போட்டுக் காத்திருக்கவில்லை. சண்டையில் போன வருஷங்களில் பையன் நிஜமாகவே வளர்ந்துவிட்டான், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவளுக்குப் பாதி மார்க் போடலாம்.

மணிமேகலை_ஈரோடு:

அதே போலக் குரலில் இன்னொரு விஷயம் உண்டு. ஸ்பிரிங் நாய் ஸ்லிங்கிக்கு முதல் இரண்டு படங்களில் பேசிய ஜிம் வார்னி 2000-இல் இறந்துவிட்டார். மூன்றில் பேசிய பிளேக் கிளார்க் அவருடைய நண்பர். உருளைக்கிழங்குத் தலையர் பொம்மைக்குப் பேசிய டான் ரிக்கிள்ஸ் 2017-இல் போனார். நான்காவது படத்தில் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து தேடி எடுத்துப் போட்டார்கள்.

ஒரு சந்தேகம் அண்ணா. முதல் படத்தில் மனிதர்கள் மட்டும் ஏன் விகாரமாக இருக்கிறார்கள்? பொம்மைகளைப் பிய்த்துப்போடும் பக்கத்து வீட்டுப் பையன் ஸிட்டைப் பார்த்தால் இப்போதும் எனக்கு ஆகாது.

ராத்திரி_ஷிஃப்ட்:

அம்மா, அதனால்தான் பொம்மைக் கதையே எடுத்தார்கள்! அன்றைய கம்ப்யூட்டருக்குத் தோல், முடி, துணி எல்லாம் பெரும்பாடு. வழவழப்பான பிளாஸ்டிக் நன்றாக வரும். 1988-இல் அவர்கள் எடுத்த ‘டின் டாய்’ குறும்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதில் வரும் குழந்தையைப் பாருங்கள், ஸிட் எவ்வளவோ தேவலை.

முதல் படத்துக்கு சன் என்ற நிறுவனத்தின் 117 கம்ப்யூட்டர்கள். ஒரு பிரேம் முடிய 45 நிமிஷத்திலிருந்து 30 மணி நேரம் வரை. மொத்தம் 1,14,240 பிரேம். அங்கே இரவில் காவல் இருந்தவனை நினைத்தால் எனக்குப் பாசம் பொங்குகிறது.

கோவை_கௌதமன்:

நான்காவதைக் காட்டலாமா? மூன்றோடு நிறுத்திக்கொள் என்கிறார்கள் நண்பர்கள்.

மணிமேகலை_ஈரோடு:

கட்டாயம் காட்டுங்கள். ஆடு மேய்க்கும் பொம்மை போ பீப்புக்காகவே பார்க்கலாம்.

ராத்திரி_ஷிஃப்ட்:

நான் உங்கள் நண்பர்கள் கட்சி. மூன்றில் கதை முடிந்துவிட்டது. ஆனால் குப்பையில் கிடந்த கரண்டியில் செய்த ஃபோர்க்கி சின்னவனுக்கு நிச்சயம் பிடிக்கும், எனவே போடுங்கள். 2022-இல் வந்த ‘லைட்இயர்’ வேறு கணக்கு, அது ஆண்டி சின்ன வயதில் பார்த்த படம் என்று வைத்துக்கொண்டு எடுத்தது, வசூலிலும் தேறவில்லை. மழை பெய்து கரண்ட் இருக்கிற ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைப் போடும்போது மட்டும் குப்பை எரிக்கிற காட்சியில் சின்னவன் பக்கத்தில் இருங்கள், எங்கள் வீட்டில் அங்கேதான் பெரிய அழுகை.