மனச்சோர்வில் செரோடோனின் குறைவதை மூளை ஸ்கேனில் பார்க்க முடியுமா?

கேள்வி:
மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறும் என் தங்கைக்கு, மூளையில் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனின் குறைவாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அதை ஸ்கேனில் அளக்க முடியுமா? 2022-இல் ஓர் ஆய்வு, செரோடோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற செரோடோனின் கொள்கைக்கு ஆதாரமில்லை என்றும், இன்னொன்று ஆதாரம் கிடைத்துவிட்டது என்றும் சொன்னதாகப் படித்துக் குழம்பியிருக்கிறேன்.

முதல் பதில்:
அளக்க முடியாது. இதற்குப் பயன்படும் பெட் ஸ்கேன் (உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே சேர்கிறது என்று படமெடுப்பது) காட்டுவது செரோடோனினை அல்ல. அது வந்து ஒட்டும் புரதங்களான ஏற்பிகளிலோ, அதை நரம்பணுவுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடத்திப் புரதத்திலோ, ஊசி வழியே செலுத்திய கதிரியக்கப் பொருள் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை மட்டுமே.

நீங்கள் சொல்லும் முதல் ஆய்வு, ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர் அதுவரை வெளிவந்த மதிப்பாய்வுகளைத் தொகுத்து எழுதியது. இத்தகைய அளவீடுகளில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் சீரான வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்பது அதன் முடிவு. இரண்டாவது, லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் வேறொரு கேள்வியை எழுப்பிச் செய்தது. செரோடோனின் பெருகும்போது ஏற்பியிலிருந்து விலகிவிடும் சிம்பி-36 என்ற பொருளைச் செலுத்திப் படமெடுத்தபின், செரோடோனினை வெளியேற்றத் தூண்டும் ஆம்ஃபெட்டமினைக் கொடுத்து, மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் படமெடுத்தார்கள். நலமாக இருந்தவர்களிடம் ஒட்டுதல் தெளிவாகக் குறைந்தது; மனச்சோர்வு உள்ளவர்களிடம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே அவர்கள் கண்டது இருப்பின் அளவை அல்ல, தூண்டும்போது வெளியேற்றும் திறனை. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் பதில்:
மேலே உள்ளதை ஏற்கிறேன். ஆனால் 'ஆதாரம் கிடைத்துவிட்டது' என்பது மிகையான சொல். இம்பீரியல் கல்லூரி ஆய்வில் இருந்த நோயாளிகள் 17 பேர்தான், அவர்களில் 5 பேருக்குப் பார்க்கின்சன் நோயும் இருந்தது. மனச்சோர்வின் கடுமைக்கும் வெளியேற்றத் திறனுக்கும் தொடர்பு தென்படவில்லை. குழுக்களின் சராசரியில் தெரியும் வேறுபாட்டைக்கொண்டு தனி ஒருவரின் நோயை நிர்ணயிக்க இயலாது. தவிர, இவ்வகை ஸ்கேன்களில் பெரும்பாலும் பயன்படும் கதிரியக்கக் கார்பன்-11-இன் அரைவாழ்வு (அது பாதியாகச் சிதைய ஆகும் நேரம்) சுமார் 20 நிமிடமே என்பதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி அருகிலேயே இருந்தாக வேண்டும்.

கேட்டவர்:
அப்படியானால் அவள் எடுத்துவரும் எஸ்எஸ்ஆர்ஐ மருந்து (செரோடோனின் திரும்ப எடுக்கப்படுவதைத் தடுப்பது) வீண்தானா?

இரண்டாம் பதிலை எழுதியவர்:
இல்லை. மருந்து பயன் தருகிறதா என்பது நோயாளிகளிடம் நடத்தும் சிகிச்சைச் சோதனைகளில் தீர்மானமாவது. செரோடோனின் கொள்கையின் வெற்றி தோல்வியைப் பொறுத்ததன்று. வழக்கமான அளவில் இம்மருந்துகள் கடத்திப் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வதைப் பெட் ஸ்கேனே காட்டியிருக்கிறது. புரதத்தைப் பிடிப்பது விரைவில் நடந்துவிட, மனநிலை தேற வாரக்கணக்கில் ஆவது ஏன் என்பதற்குத்தான் இன்னும் முழு விளக்கம் இல்லை. இந்த விவாதத்தைப் படித்துவிட்டு உங்கள் தங்கை மருந்தைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். நிறுத்துவதென்றால் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.